ஒன்பது பேர் படித்த பக்கம்

எங்கள் வட்டத்தில் கையெழுத்துப் போட்டால் படித்துவிட்டதாக அர்த்தம். வீடு வீடாகக் கைமாறிப் போகும் சுற்றுநோட்டின் கடைசிப் பக்கங்களில் அதற்காகவே நான் கட்டம் போட்டு வைத்திருந்தேன். பெயர், தேதி, ‘படித்தேன்’ என்ற ஒற்றைச் சொல், அதன்கீழ் கையெழுத்து. ஒரு சுற்றுக்குப் பத்துப் பேர், பத்துக் கையெழுத்து. ஒரு கட்டம்கூடக் காலியாக இருந்ததில்லை. அதைப் பார்த்துப் பார்த்து நான் பெருமைப்பட்டிருக்கிறேன். இன்று அந்தக் கட்டங்களை நினைத்தால் ஆத்திரம்தான் வருகிறது. அவற்றில் பாதிக்குமேல் பொய். அந்தப் பொய்களில் என்னுடையதும் உண்டு.

எழுபதுகளின் நடுவில் முத்தியால்பேட்டையில் நாங்கள் பத்துப் பேர் சேர்ந்து அந்த நோட்டைத் தொடங்கினோம். நான் அப்போது நில அளவை அலுவலகத்தில் வரைபடங்களை நகலெடுக்கும் வேலையில் இருந்தேன். எங்களில் ஒரு தையற்கடைக்காரர் இருந்தார். ஊரில் எல்லோரும் பாய் என்று கூப்பிடுவார்கள், நாங்களும் அப்படியே. அவர் கடை மாடியில்தான் பதினைந்து நாளைக்கு ஒரு ஞாயிறு மாலை கூடுவோம். இன்னொருவர் அரசு அலுவலகத்தில் எழுத்தர், பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவர், அதனால் பிரெஞ்சில் ஐயா என்பதற்குச் சொல்வதுபோல் அவருக்கு முசே என்று பெயர் வைத்திருந்தோம். மூன்றாவதாகச் சொல்ல வேண்டியவர் நூற்பாலையில் நிரந்தரத் தொழிலாளி. அரியாங்குப்பத்திலிருந்து சைக்கிளில் ஆற்றுப்பாலம் தாண்டி மில்லுக்கு வருவார். ஞாயிற்றுக்கிழமையும் அதே சைக்கிளில் எங்கள் கூட்டத்துக்கு வருவார். அவரை மில்காரர் என்றே எழுதுகிறேன். மற்ற ஆறு பேரும் இந்தக் கதையில் செய்தது ஒன்றுமில்லை. அதுதான் அவர்கள்மேல் என் குற்றச்சாட்டு.

தேதி குறித்து வைப்பது எனக்குப் பள்ளி நாளிலிருந்தே பழக்கம். மழை பெய்த நாள், தெருவிளக்கு மாற்றிய நாள், பாய் கடைக்குப் புது மிஷின் வந்த நாள் எல்லாம் என்னிடம் இருக்கின்றன. இந்தச் சம்பவத்தின் தேதிகளும் இருக்கின்றன. ஆனால் இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் மில் எது, ஆள் யார் என்று பழைய ஆட்கள் கண்டுபிடித்துவிடுவார்கள். எண்பதுகளின் தொடக்கம், ஐப்பசி, ஒரு புதன்கிழமை. இவ்வளவு போதும்.

நோட்டு என்றால் நாற்பது பக்கத்துப் பள்ளி நோட்டு அல்ல. நீளமான, கெட்டி அட்டை போட்ட கோடு நோட்டு. துணிப்பையில் போட்டு ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்குப் போகும். வீட்டுக்கு ஒரு நாள். வந்த நோட்டைப் படிக்க வேண்டும், விருப்பமிருந்தால் எழுத வேண்டும், கையெழுத்துப் போட்டு மறுநாள் அடுத்தவரிடம் கொடுக்க வேண்டும். பத்திரிகையில் பார்த்த நல்ல செய்தியை வெட்டி ஒட்டவும் செய்யலாம். அதற்கு மட்டும் ஒரு விதி. ஒட்டினால் பக்கத்தில் பத்து வரி சொந்தமாக எழுத வேண்டும். விதியைச் சொன்னவர் பாய். "வெட்டுன துணிய மடிச்சுக் குடுத்தா அது சட்டை ஆயிடுமா? தைக்கணும் இல்ல" என்றார். எல்லோரும் சிரித்தோம், ஒப்புக்கொண்டோம்.

முதல் மூன்று வருஷம் அந்த விதி எங்களைக் காப்பாற்றியது. ஒட்டுவதே கூடாது என்று நான் சொல்பவனல்ல. பத்துப் பேரில் ஏழு பேர் வீட்டில் பேப்பர் வாங்குவதில்லை. முசே ஒட்டாவிட்டால் வெளிநாட்டு விஷயங்கள் எங்களுக்குத் தெரிந்திருக்காது. ஒருமுறை அவர் எங்கோ ஒரு பெரிய ஊரில் குழாய்த் தண்ணீருக்கு மீட்டர் வைத்ததைப் பற்றிய செய்தியை ஒட்டி, பத்து வரி எழுதினார். அதன்கீழ் பாய், தன் தெருக் குழாயடியில் விடிகாலையில் குடம் வரிசை எப்படி வைக்கிறார்கள், யார் குடத்தை யார் நகர்த்துவார்கள் என்று எழுதினார். மில்காரர் அரியாங்குப்பத்துக் கிணறுகளில் கோடையில் உப்பேறுவதை எழுதினார். நான் பழைய வரைபடத்தில் பார்த்த, இப்போது தூர்ந்துபோன இரண்டு குளங்களை எழுதினேன். ஒரு துண்டுக் காகிதம் எங்களிடமிருந்து ஆறு பக்கம் பிடுங்கியது. வெட்டி ஒட்டியதும் சொந்தமாக எழுதியதும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு போன காலம் அது.

அந்த விதியைக் கெடுத்தவன் நான். இதை முசேயின் தலையில் கட்டிவிட்டு நான் நல்லவனாக நின்றுகொள்ள முடியாது. அவருக்கு அலுவலகத்தில் ஐந்து பேப்பர் வரும், இரண்டு பிரெஞ்சு சஞ்சிகைகளும் கிடைக்கும். நாளாக ஆக அவர் ஒட்டுவது கூடியது, எழுதுவது குறைந்தது. பத்து வரி நான்கு வரியானது. பிறகு ‘சிந்திக்க வேண்டிய விஷயம்’ என்ற ஒரு வரியானது. பாய் ஒருநாள் கூட்டத்தில் இதைக் கேட்டார். நோட்டைப் பாதுகாக்கும் பொறுப்பு என்னிடம் இருந்ததால் தீர்ப்பும் நான்தான் சொன்னேன். அச்சிட்ட தேதி தெரியும்படி வெட்டி ஒட்டினால் பத்து வரி வேண்டாம் என்றேன். தேதி போட்ட அச்சுக் காகிதம் ஆவணம், நாளைக்கு உதவும், நாம் எழுதுவது வெறும் பேச்சு என்று விளக்கமும் கொடுத்தேன். அந்த வாக்கியத்தை நானே என் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறேன். அழிக்கவில்லை, கிடக்கட்டும்.

அதற்குப் பிறகு நோட்டு வீங்க ஆரம்பித்தது. மைதாப் பசை கிண்டி, பூச்சி அரிக்காமல் இருக்க மயில்துத்தம் கலந்து, ஆளாளுக்கு ஒட்டினார்கள். நோட்டு மூட முடியாமல் வாயைத் திறந்துகொண்டே நின்றது. கயிறு போட்டுக் கட்டினோம். வருகிறவர்களிடம் பெருமையாகக் காட்டினோம். நான் ஒவ்வொரு தொகுதிக்கும் பொருளடக்கம் தயாரித்தேன். எந்தப் பேப்பர், எந்த நாள், எந்தப் பக்கம் என்று வெட்டி ஒட்டியதற்கெல்லாம் தனித்தனி வரி. உறுப்பினர்கள் எழுதியதற்கு? கடைசியில் ‘இதர’ என்று ஒரு சொல்.

மில்காரர் மட்டும் எதையும் ஒட்டியதில்லை. மசிப்பேனாவால் குண்டுகுண்டான எழுத்தில், அன்றன்று பார்த்ததை அன்றன்றைக்கு எழுதுவார். பஞ்சு தூசி, ஷிப்ட் மாறும்போது கேட்டில் நடக்கும் பேச்சு, புது மேஸ்திரியின் தொப்பி, இப்படி. நன்றாக எழுதுவார் என்று எல்லோரும் சொல்வோம். எதை வைத்துச் சொன்னோம் என்று இப்போது கேட்டுக்கொள்கிறேன்.

அந்த ஐப்பசிப் புதன்கிழமை அவர் வேலை செய்த பகுதியில் ஒருவருக்கு அடிபட்டது. அடிபட்டவர் பதிலித் தொழிலாளி. நிரந்தர ஆள் வராத நாளில் கேட்டில் நிற்கும் பதிலிகளில் ஒருவரை மேஸ்திரி கூப்பிட்டுக்கொள்வார், பெயரைப் பதிவேட்டில் ஏற்றுவார். அன்று ஒருவர் பாதி ஷிப்டில் காய்ச்சல் என்று வீட்டுக்குப் போய்விட, மேஸ்திரி இவரை உள்ளே கூட்டிக்கொண்டு வந்தார். பெயரை ஏற்றவில்லை. சாயங்காலம் ஏற்றிக்கொள்ளலாம் என்று இருந்திருப்பார். அதற்குள் பஞ்சை வாரும் இயந்திரத்தில் இவருடைய வலது கை போய் இரண்டு விரல் நசுங்கிவிட்டது. ரிக்‌ஷாவில் வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன மேஸ்திரி, வீட்டில் அடிபட்டது என்று சீட்டில் எழுதவைத்துவிட்டார்.

கை ஆறி, பதிலி மறுபடி கேட்டுக்குப் போனால், நீ அன்று மில்லுக்குள் இல்லவே இல்லை என்றார்கள். மில்லுக்குள் அடிபட்டது என்று நிரூபித்தால் அந்தக் கைக்கு ஏற்ற ஒரு வேலையை மில் கொடுத்தாக வேண்டும். இல்லையென்றால் அவர் இனி எந்த மில் வாசலிலும் நிற்க முடியாது, இரண்டு விரல் மடங்காத ஆளை எந்த மேஸ்திரி கூப்பிடுவார்? வீட்டில் மனைவியும் மூன்று பிள்ளைகளும். தொழிலாளர் துறை அதிகாரி முன்னால் விசாரணை வந்தது. பார்த்தவர்கள் பலர் பயந்து ஒதுங்கினார்கள். மில்காரர் போய்ச் சொன்னார். இவர் அந்த ஆளின் தெருக்காரர், மேஸ்திரியோடு இவருக்கு ஆகாது, மூன்று மாதம் கழித்துக் கதை கட்டுகிறார் என்று மில் தரப்பில் சொன்னார்கள். அப்போதுதான் அவர் நோட்டைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். அன்று சாயங்காலமே எழுதினேன், எழுதியதை ஒன்பது பேர் படித்துத் தேதியோடு கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள் என்று. அதிகாரி நோட்டைக் கொண்டுவரச் சொல்லி எட்டு நாள் தவணை கொடுத்தார்.

அந்த ஞாயிறு கூட்டத்துக்கு மில்காரர் சந்தோஷமாகத்தான் வந்தார். நான் வீட்டுக்குப் போய் அந்தத் தொகுதியை எடுத்து வந்தேன். பொருளடக்கத்தில் தேடினேன். ‘இதர’ என்பதில் எதைக் கண்டுபிடிப்பது? பக்கம் பக்கமாகப் புரட்டினோம். ஐப்பசிப் பக்கங்களில் அவர் கையெழுத்து இல்லை. அந்த இடத்தில் பனிமலை ஒன்றில் ஏறும் ஒருவனின் முழுப்பக்க வண்ணப்படம் இருந்தது. பிரெஞ்சு சஞ்சிகையில் வெட்டியது, ஓரத்தில் அச்சிட்ட தேதி தெளிவாகத் தெரிந்தது. என் பொருளடக்கத்திலும் அது இருந்தது.

அந்தச் சுற்றில் மில்காரர் வீடு முதல், முசே வீடுதான் கடைசி.

"பக்கத்துல பாதிதான் எழுதியிருந்துது. படம் பெருசு. வேற இடம் இல்ல. ஏதோ மில் சமாச்சாரம்தானேன்னு..." என்று முசே இழுத்தார்.

மில்காரர் கோபப்படவில்லை. தாளைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். படத்துக்குப் பின்னால் எழுத்து மங்கலாகத் தெரிந்தது. இருக்கு, இருக்கு என்றார். பாய் கீழே போய் டீக்கடையிலிருந்து கொதிக்கும் கெட்டிலைக் கொண்டுவந்தார். அவர் கைதான் எங்களில் நிதானமான கை. ஆவி காட்டி, ஊசிமுனையால் ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக உரித்தார். முக்கால் மணி நேரம் ஆயிற்று. படம் முழுதாக வந்தது. ஆனால் பசையின் ஈரத்தில் எப்போதோ கரைந்திருந்த மசி இந்த ஆவியில் மொத்தமாகப் படத்தின் முதுகுக்கு ஏறி அங்கேயும் வெறும் கறையாகப் படர்ந்துவிட்டது. நோட்டில் மிஞ்சியது நீலக்கறை. அதற்கு நடுவில் ‘புதன்’ என்ற சொல்லும், கீழே ‘மேஸ்திரி சொன்னார்’ என்பதும். என்ன சொன்னார் என்பது இல்லை.

பிறகு பாய் கடைசிப் பக்கத்தைத் திருப்பினார். கட்டங்கள் பளிச்சென்று இருந்தன. முசேக்கு முன்னால் எட்டு வீட்டுக்கு அந்தப் பக்கம் திறந்தபடிதான் போயிருக்கிறது. முசேயும் ஒட்டுவதற்கு முன் பார்த்திருக்க வேண்டும். மில்காரர் எங்களை ஒவ்வொருவராகக் கேட்டார். என்ன எழுதியிருந்தேன்? ஒருவர் பஞ்சு விலையா என்றார். ஒருவர் மேஸ்திரியின் தொப்பி என்றார், அது வேறு மாதத்தில் எழுதியது. ஒருவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். பாய், அன்றைக்குத் தீபாவளித் துணி நெருக்கடி, பிரிக்காமலே கையெழுத்துப் போட்டேன் என்று நேராகச் சொல்லிவிட்டார். நான்? என் நாட்குறிப்பில் நோட்டு என் வீட்டுக்கு வந்த நாளும் போன நாளும் இருக்கின்றன. உள்ளே என்ன இருந்தது என்று ஒரு வரி இல்லை.

ஒன்பது பேர். அத்தனை பேரும் எழுத்து வாசனை உள்ளவர்கள், மேடை கிடைத்தால் வாசிப்பின் அருமையைப் பற்றி ஒரு மணி நேரம் பேசக்கூடியவர்கள். எங்கோ பனிமலை ஏறியவனின் தொப்பியிலிருந்து பூட்ஸ் வரை எங்களுக்குத் தெரிந்திருந்தது. நாலு மைல் தூரத்தில் ஒரு மனிதனின் கை நசுங்கியதை எங்களில் ஒருவர் அன்றைக்கே எழுதி எங்கள் மடியில் வைத்தார். அது எங்கள் கண்ணில் படவில்லை. அச்சில் இல்லாததால் அது எங்களுக்குச் செய்தியாகத் தெரியவில்லை.

முசேதான் ஒரு யோசனை சொன்னார். அவருக்கும் குற்ற உணர்ச்சி, ஏதாவது செய்யத் துடித்தார்.

"கையெழுத்து இருக்கு இல்ல? எல்லாரும் போய், படிச்சோம், இதான் எழுதியிருந்துதுன்னு சொல்லிடுவோம். என்ன எழுதுனீங்கன்னு இப்ப சொல்லுங்க, நாங்க மனசுல வெச்சுக்கறோம்."

இரண்டு மூன்று பேர் தலையாட்டினார்கள். மில்காரர் அவரைப் பார்த்துச் சொன்னார்:

"நான் சொல்லிக் குடுத்து ஆளு ஏற்பாடு பண்றேன்னுதான் அவங்க சொல்றாங்க. அத நிஜமாக்கச் சொல்றீங்களா முசே?"

முசே தலையைக் குனிந்துகொண்டார். மில்காரர் என் பக்கம் திரும்பினார்.

"ஒவ்வொரு சுத்தும் நோட்டு என் கைக்கு வந்ததும் மொதல்ல கடைசிப் பக்கத்ததான் சார் பாப்பேன். ஒன்பது கையெழுத்து இருக்கும். வூட்டுல காட்டுவேன், பாரு, நான் எழுதுனத ஆபீஸருங்க எல்லாம் படிக்கறாங்கன்னு."

சத்தம் போட்டிருந்தால் தாங்கியிருப்பேன். சாதாரணமாகத்தான் சொன்னார். துணிப்பையை எடுத்து என் கையில் கொடுத்து, வியாழக்கிழமை நீங்களே கொண்டு வாங்க, எது உண்மையோ அதைச் சொல்லுங்க என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

வியாழக்கிழமை அரைநாள் விடுப்புப் போட்டுவிட்டு நோட்டோடு போனேன். அதிகாரி அவசரப்படாதவர். முதல் பக்கத்திலிருந்து புரட்டினார். அவர் முகம் மலர்ந்தது. நல்ல சேகரிப்பு என்றார், இந்தக் கிரகணப் படம் எங்கே கிடைத்தது என்று கேட்டார். எதிரே மில் தரப்பு ஆள் உட்கார்ந்திருக்கிறார், சுவரோரம் பதிலி, வலது கையைத் துண்டால் மூடிக்கொண்டு நிற்கிறார், அவர் பக்கத்தில் மில்காரர். அதிகாரி கிரகணப் படம் பார்த்துக்கொண்டிருக்கிறார். ஆனால் அவர்மேல் கோபப்பட எனக்கு என்ன யோக்கியதை? பார்க்க வேண்டியது அந்தப் படங்களைத்தான் என்று நோட்டை ஆக்கி வைத்ததே நான்தானே.

கறைப் பக்கத்துக்கு வந்தார். மிஞ்சியிருந்த சொற்களைப் படித்தார். கடைசிப் பக்கத்தில் என் கையெழுத்தைக் காட்டி, இது உங்களுடையதா, அப்படியானால் இந்தப் பக்கத்தில் என்ன இருந்தது என்று கேட்டார்.

கையெழுத்து என்னுடையதுதான், படிக்காமல் போட்டேன் என்றேன்.

மற்றவர்கள்?

அவர்களும் அப்படித்தான்.

மில் தரப்பு ஆள் பேனா மூடியைத் திருகி மூடினார், அவ்வளவுதான். அதிகாரி நோட்டைக் கயிறு போட்டுக் கட்டி என்னிடம் கொடுத்தார், தூக்க முடியாமல் இருக்கிறதே என்று ஒரு வார்த்தை சொன்னார்.

வெளியே நடையில் பதிலி என்னிடம் வந்தார். முதல்முறை பேசுகிறோம்.

"அதுல என் பேரும் எழுதியிருந்தாராம் சார். அது தெரியுதுங்களா?"

"இல்ல" என்றேன்.

சரிங்க என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார். மழை தூறிக்கொண்டிருந்தது. இடது கையால் துண்டைத் தலைக்கு இழுத்துக்கொள்ளப் பார்த்தார், சரியாக வரவில்லை. மில்காரர் இழுத்துவிட்டார்.

மில்லுக்குள் அடிபட்டதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று முடிவு வந்தது. பதிலி சேதராப்பட்டில் ஒரு பட்டறையில் காவலுக்குச் சேர்ந்தார் என்று பின்னால் கேள்விப்பட்டேன். எத்தனை நாள் இருந்தார் என்று தெரியாது.

அடுத்த கூட்டத்துக்கு முசே ஒரு துண்டுக் காகிதத்தோடு வந்தார். ஏதோ ஒரு வடநாட்டு ஊரில் இதே மாதிரி அடிபட்ட தொழிலாளிக்கு நியாயம் கிடைத்த செய்தி. நல்ல மனதோடுதான் கொண்டுவந்தார். பசைக் கிண்ணத்தையும் எடுத்து வைத்தார். பாய் கிண்ணத்தைத் தள்ளிவிட்டு, "அந்த ஊருக்காரனுக்கு அங்க எவனோ எழுதுனான் முசே. நீங்க இதுக்குப் பக்கத்துல என்ன எழுதுவீங்க? அத மொதல்ல எழுதுங்க, ஒட்டறத அப்பறம் பாத்துக்கலாம்" என்றார். முசே பேனாவை எடுத்தார். ரொம்ப நேரம் வைத்துக்கொண்டிருந்தார். பிறகு பேனாவை மூடிவிட்டுக் காகிதத்தைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

ஒரு வருஷத்துக்கு எதையும் ஒட்டக் கூடாது, சொந்தமாக எழுதுவது மட்டும்தான், ‘படித்தேன்’ கட்டமும் கிடையாது, படித்தவர் பதில் ஒரு வரியாவது எழுத வேண்டும் என்று நான் சொன்னேன். நான்கு பேர் எழுந்து போய்விட்டார்கள். அப்படியென்றால் நோட்டில் படிக்க என்ன இருக்கும் என்று ஒருவர் மெய்யாகவே கேட்டார். மீதி ஆறு பேரில் மில்காரர் வரவில்லை. ஐந்து பேரோடு நோட்டு மூன்று சுற்றுப் போய் நின்றுவிட்டது. விதியை ஒருமுறை தளர்த்திவிட்டுப் பிறகு இறுக்கினால் மனிதர்கள் எழுத ஆரம்பித்துவிடுவார்கள் என்று நினைத்தது என் இன்னொரு முட்டாள்தனம். எழுதும் பழக்கம் போய்விட்டிருந்தது.

மாசி மாதம் மில்காரரைப் பார்க்கப் போனேன். ஷிப்ட் தொடங்கும் நேரம், கேட்டில் கூட்டம். மறுபடி வரச் சொன்னேன். இனிமேல் படிப்போம் என்றேன். அந்தச் சம்பவத்தையே திரும்ப எழுதுங்கள், இந்த முறை நானே நகலெடுத்து வைக்கிறேன் என்றும் சொன்னேன்.

"இப்ப எழுதுனா இன்னிய தேதிதானே சார் போடணும்" என்றார்.

சங்கு ஊதியது. அவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டார். அவர் அதற்குப் பிறகு எங்கேயாவது எழுதினாரா என்று விசாரித்திருக்கிறேன். எழுதவில்லை என்றுதான் சொன்னார்கள். எங்கள் பத்துப் பேரில், தன் கண்ணால் பார்த்ததை அன்றைக்கே எழுதத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். அவரை எந்த மில்லும் நிறுத்தவில்லை. நாங்கள் நிறுத்தினோம்.